பானைக்குள் பரங்கிக்காய்

காலையில் எழுந்ததும் பின்கொல்லைக்குப் போய், ராத்திரி யார் யார் விருந்துக்கு வந்து போனார்கள் என்று பார்ப்பதுதான் அந்த வருஷம் எங்கள் வீட்டில் முதல் வேலை. முயல் வந்திருந்தால் அவரைக் குருத்தைக் கத்தரிக்கோல் வைத்து வெட்டினதுபோல் இருக்கும், பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடக்கும். முள்ளம்பன்றி வந்திருந்தால் மண்ணைப் பறித்துப் போட்டிருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை எங்களுக்கென்று மரியாதையாக வைத்துவிட்டுப் போயிருக்கும். அணிலுக்கு மட்டும் ராத்திரி வரைக்கும் காத்திருக்கும் பொறுமை கிடையாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து மொச்சையை உரிக்கும், தோலை எங்கள் பக்கமாகப் போடும்.

கொல்லை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தாலும் அது அண்ணியுடையது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியாத, ஆலங்காயம் பக்கத்துச் சரிவில் இருக்கிற ஒரு ஊரிலிருந்து அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வரும்போது முந்தானை முனையில் விதை முடிந்துகொண்டு வந்தாள். அவரை, மொச்சை, பரங்கி. ஆடி மழையில் மண் நனைந்ததும் முடிச்சை அவிழ்த்து ஊன்றிவிட்டாள், ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியும் நட்டாள். அண்ணன் கரும்பு வெட்டப் படவேட்டுப் பக்கம் இறங்கிவிட்டான். ஆக, வேலி கட்டவும் முள் வெட்டவும் வீட்டில் மிஞ்சிய ஆம்பளை நான்தான். எட்டாவதில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் போதும் என்று விட்டுவிட்டோம், அதனால் எனக்கு நேரம் நிறைய இருந்தது.

அண்ணி அந்தக் கொல்லைக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டாள் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் புதுசாக விளைந்ததை உடனே பறித்துத் தின்னக்கூடாது. சாமை, அவரை, பரங்கி எதுவானாலும், ஊர்க்கவுண்டர் நாள் குறித்து, எல்லோரும் அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வாயில் வைக்கலாம். அதைப் புதுசு கும்பிடுவது என்போம். வீட்டுக்கு வந்த மருமகள் அந்த முதல் வருஷம், தன் கையால் ஊன்றி விளைந்ததில் ஒரு முழுக் காயைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் அன்றைக்கே அவளுக்குத் தனியாக ஒரு பொங்கல் பானை, அடுத்த நாளிலிருந்து வீட்டு அடுப்பு அவள் கையில். வைக்க முடியாவிட்டால் அடுத்த புதுசு வரைக்கும் மாமியார் சொன்னதை ஆக்கி, மாமியார் ஊற்றினதைக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று. காயில் பல் பட்டிருக்கக்கூடாது. மனுஷப் பல்லானாலும் சரி, முயல் பல்லானாலும் சரி, எச்சில் எச்சில்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடையில் தண்ணீர் மொள்ளும்போது அண்ணியை விடவே மாட்டார்கள்.

"புதுசுக்கு இன்னா கொண்டாரப் போற? முள்ளம்பன்னி துப்புனதா, மொசலு மென்னதா?"

"ரெண்டும் கலந்து கொண்டாரேன். ஒனக்கு எது பிடிக்குமோ எடுத்துக்கோ" என்று அண்ணி சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்தில் அந்தச் சிரிப்பு உடையும்.

அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் அண்ணிக்கு இன்னும் கஷ்டம். அம்மாவுக்கு மருமகள்மேல் கோபம் ஒன்றுமில்லை, அடுப்பைக் கையை விட்டுக் கொடுக்க அவசரமும் இல்லை.

முதலில் நாய். எங்கள் நாயைக் கொல்லையில் கட்டிப் பார்த்தோம். காலையில் போய்ப் பார்த்தால் நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு முழம் தள்ளிக் கிழங்கைத் தோண்டின குழி. "பாவம், விருந்தாளி தொந்தரவு பண்ணாம சாப்ட்டுப் போயிருக்கான்" என்றேன். அண்ணி மண்ணாங்கட்டியை எடுத்து என்மேல் எறிந்தாள். நாய் எழுந்து என்னைப் பார்த்துக் குரைத்தது.

அப்புறம் தலைமுடி. மனுஷ முடி வாசனைக்கு முள்ளம்பன்றியும் முயலும் கிட்டே வராது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊரில் எல்லாத் தலையையும் சிரைத்தாலும் வேலிக்குப் போதாது. நான் ஒரு கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலங்காயம் இறங்கினேன். கடைத்தெருவில் முடி வெட்டுகிற கடைக்காரர் நாற்காலியைத் தட்டினார்.

"வா தம்பி, ஒக்காரு. முடி வெட்டணுமா?"

"வோணாங்க. வெட்டுன முடிதான் வோணும்."

"யாருக்கு?"

"முள்ளம்பன்னிக்குங்க."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் ஏற்கெனவே மேலெல்லாம் கீதேடா" என்றார். ஆனால் மனுஷன் நல்லவர். மூலையில் பெருக்கி வைத்திருந்ததை எல்லாம் கோணியில் திணித்துக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் கோணியை உதைத்துப் பார்த்து, "இன்னாடா மூட்டை?" என்றார். "பாதி ஆலங்காயத்துத் தலைங்க" என்றேன். என் பக்கத்து சீட்டு கடைசிவரை காலியாகவே வந்தது. மலையடியில் இறங்கி, மீதி வழி பூராவும் அந்தத் தலைகளை நான்தான் சுமந்துகொண்டு ஏறினேன்.

முடி வேலை செய்தது. வேலியைச் சுற்றித் தூவின சில நாள் கொல்லையில் ஒரு காலடியும் இல்லை. அண்ணி அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு இரண்டு கரண்டி களி கூடப் போட்டாள். பிறகு மேல்காற்று அடித்தது. முடி வேலியை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. களியில் முடி, மோரில் முடி. அம்மா வாயிலிருந்து ஒரு நீள முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது யாரு தலைடா?"

"தெரியலியே. ஆனா நல்லா எண்ணெ வெச்சிருக்காரு."

அதோடு முடி வைத்தியம் முடிந்தது.

மூன்றாவது புடவை. பழம்புடவையை வேலியில் கட்டினால் காற்றில் ஆடும், ஆள் நடமாட்டம் என்று நினைத்து ஓடிவிடும் என்பது அண்ணியின் யோசனை. வீட்டில் இருந்த கிழிசலை எல்லாம் எடுத்தோம். சிவப்பு, பச்சை, ஊதா என்று கொல்லையே கல்யாண வீடுபோல ஆனது. எதிர்ச்சரிவில் கடுக்காய் பொறுக்குகிறவர்கள் கை தட்டிக் கூப்பிட்டு, "உங்க வூட்ல எத்தினி மருமவடா?" என்று கேட்டார்கள். "வேலிக்கு ஒருத்தி" என்று நானும் கத்தினேன். முயல் பயந்தது உண்மை. முள்ளம்பன்றிக்கு இருட்டில் நிறம் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது, புடவையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்துபோன தடம் மட்டும் தெரிந்தது. அணிலுக்குத்தான் கொண்டாட்டம். புடவையில் நூல் நூலாக உருவி எங்கள் கூரை இடுக்கிலேயே கூடு கட்டியது. அண்ணி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "என் ஊதாப் புடவை" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "எவ்ளோ அயகா கட்டியிருக்குது பாரேன்" என்றாள்.

இப்படி ஐப்பசி வந்தபோது கொல்லையில் மிஞ்சியது கொஞ்சம் அவரையும் ஒரே ஒரு பரங்கிப் பிஞ்சும். அவரையில் எந்தக் காயை எடுத்தாலும் அணில் பல் பட்டிருந்தது. பரங்கிக் கொடியில் முன்னால் விட்ட பிஞ்சுகளை எல்லாம் முள்ளம்பன்றி தீர்த்திருந்தது. கடைசியாக விட்ட அந்தப் பிஞ்சு எலுமிச்சம்பழம் அளவில், வேலியோரம் இலைக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது. அண்ணி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"கொய்ந்தனாரே, இதுவும் போச்சின்னா நான் இன்னா பண்றது சொல்லு."

"சந்தையில ஒண்ணு வாங்கியாந்து கொடியில கட்டி வுட்டுடலாம்."

"சாமிகிட்டயேவா?"

அவள் அப்போது சிரிக்கவில்லை. கண் ஓரம் ஈரமாகிவிட்டது. எனக்குக் கேலி பேசத் தெரியுமே தவிர, அழுகிற ஆளிடம் என்ன பேசுவது என்று தெரியாது. எழுந்து வீட்டுக்குள் போனேன். பரண்மேல் ஒரு மண்பானை கவிழ்ந்து கிடந்தது. வயிறு பெருத்து, கை நுழைகிற அளவுக்கு வாய் குறுகின பானை. எடுத்துக்கொண்டு வந்து கொடியோரம் படுக்க வைத்தேன். பிஞ்சைக் காம்போடு உள்ளே தள்ளி, காம்பு நசுங்காமல் வாயில் இலந்தை முள்ளை அடைத்தேன். பானை உருளாமல் இரண்டு பக்கமும் கல் வைத்தேன்.

"இப்ப வரச் சொல்லு அந்த முள்ளம்பன்னிய. பானைய கடிச்சிப் பாக்கட்டும்."

அண்ணி பானையைத் தட்டிப் பார்த்தாள். "ஒனக்கு மூளை கீதுன்னு உங்க அண்ணன் சொல்லவே இல்லியே" என்றாள்.

முள்ளம்பன்றி வந்தது. அடிக்கடி வந்தது. காலையில் பார்த்தால் பானையின் முதுகில் நகம் கீறின கோடுகள், பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக உதிர்ந்த முள். உள்ளே பிஞ்சு பத்திரமாக இருந்தது. அண்ணி தினமும் வாயில் அடைத்த இலந்தை முள்ளை நகர்த்தி உள்ளே பார்ப்பாள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையிடம் கேட்பதுபோல, "இன்னா பண்ற உள்ள?" என்று காயை விசாரிப்பாள். அந்த நாட்களில் அவள் பாடிக்கொண்டேதான் தண்ணீருக்குப் போனாள். ஓடையில் பெண்கள் என்ன கேட்டாலும், "வந்து பாருங்க, வந்து பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

காய் கை அளவு வந்ததும் எடுத்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. ஊர்க்கவுண்டர் அந்த வாரத்திலேயே நாள் குறிப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஊருக்கே தீட்டு. புதுசு தள்ளிப்போனது. நாள் குறிக்காமல் காயைப் பறிக்கக்கூடாது. மனுஷர்களுக்குத்தான் தீட்டு, பரங்கிக்காய்க்கு இல்லையே. அது உள்ளே இருட்டில் நிம்மதியாக வளர்ந்துகொண்டே இருந்தது.

தீட்டுக் கழிந்து நாள் குறித்தாகிவிட்டது. புதுசுக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா பரண்மேல் கையை விட்டுத் துழாவினாள்.

"பானைய எங்கடா?"

"எந்தப் பானை?"

"கலசப்பாக்கம் சந்தையில வாங்கியாந்து இவளுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேனே. நாளைக்குப் பொங்கப் பானை."

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அம்மா அப்படி ஒரு பானையை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அண்ணிக்கு அதைக் கேட்டதும் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை. மூன்று பேரும் கொல்லைக்குப் போனோம். அம்மா குனிந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கையை விட்டாள். காயைப் பிடித்து இழுத்தாள். காய் திரும்பியது, உருண்டது, வாய்வரைக்கும் வந்து நின்றுகொண்டது. வாயைவிடக் காய் பெரிசு.

"அறுத்து எடுத்துட்டா?" என்றேன்.

"அறுத்த காய சாமிக்கு வெப்பாங்களாடா?"

"அப்ப பானைய ஒடைச்சிட்டா?"

சொல்லி முடிக்கவில்லை, அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "சாவு வூட்லதாண்டா பானைய ஒடைப்பாங்க. இப்பத்தான் அந்தப் பெரியவரு வூட்ல ஒடைச்சாங்க. புதுசுக்கு மொத நாளு, என் வூட்ல, என் மருமவ பானைய ஒடைக்கச் சொல்றியா?"

என் மருமகள் என்று அம்மா சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

காயை எடுக்கப் பானையை உடைக்கக்கூடாது. பானையை எடுக்கக் காயை அறுக்கக்கூடாது. காம்பைக் கொடியிலிருந்து கத்தரித்துவிட்டு எண்ணெய் தடவிப் பார்த்தோம், தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்தோம். உள்ளே கடகடவென்று உருண்டதே தவிர, வெளியே தலை காட்டவில்லை. அம்மா வாய்க்குள் என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அண்ணி பானையை மடியில் வைத்துக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் இறங்குகிறவரைக்கும் அசையவில்லை. பிறகு எழுந்து தண்ணீர் மொண்டு வந்து பானையின் மண்ணைக் கழுவினாள். மஞ்சள் அரைத்துப் பூசினாள், கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டினாள்.

"அண்ணி, இன்னா பண்ணப் போற?"

"இன்னா பண்றது. எங்கூட வந்த வெதையில காச்சது எப்படி கீதோ அப்படியே கொண்டும்போறேன். வேணான்னா அம்மன் சொல்லட்டும்."

மறுநாள் அம்மன் மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் முறத்தில் காயும் தலையில் பானையுமாக வந்தார்கள். அண்ணி வெறும் பானையோடு வந்ததைப் பார்த்ததும், ஓடையில் கேலி பண்ணுகிற அதே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, காய் எங்க?"

"பானைல கீதுங்க."

"எடுத்து வை."

"வராதுங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஊர்க்கவுண்டர் வேட்டியை ஒதுக்கிக் குந்தி உள்ளே எட்டிப் பார்த்தார், கையை விட்டார். அவர் இழுத்தும் வரவில்லை. கையை எடுத்துவிட்டுப் பானையை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். மஞ்சள் பூச்சுக்கு அடியில் நகக் கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன.

"இது எதும்மா?"

"முள்ளம்பன்னிங்க. தெனம் வந்து பிராண்டுச்சுங்க. ஆனா காயில பல்லு படலிங்க. நல்லா பாருங்க."

அவர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். காய்க்கு ஒரு கீறல் இல்லை. "இந்த வருசம் பல்லு படாத காய் ஊர்லயே கம்மிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். "காய வெக்கணும்னுதான் வழக்கம். பானைக்கு வெளியதான் வெக்கணும்னு யாரு சொன்னது? அப்படியே வை."

அண்ணி பானையை அம்மன் முன்னால் வைத்துவிட்டுக் கீழே விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.

சாமி முன்னால் வைத்துவிட்டால் பிறகு காயை அறுக்கலாம். பானை வாய்க்குள் கத்தியை விட்டு அண்ணி காயைக் குத்திக் கீறினாள். அதோடேயே தண்ணீர் ஊற்றி, புதுச் சாமை போட்டு, வெல்லம் தட்டிப் போட்டு, மற்றவர்கள் வரிசையில் தன் பானையையும் அடுப்பில் ஏற்றினாள். எங்கள் ஊரில் எந்தப் பானை முதலில் பொங்குகிறதோ அதிலிருந்துதான் அம்மனுக்கு முதல் கரண்டி. எல்லோரும் அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற பானைகளில் தண்ணீர் சுடவே ஆரம்பிக்கவில்லை, அண்ணி பானையில் நுரை வாயைத் தாண்டிக் கழுத்தில் வழிந்தது.

பாதிப் பானையைப் பரங்கிக்காயே அடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீருக்கு இடம் ஏது? சீக்கிரம் பொங்காமல் என்ன செய்யும்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றவர்களுக்கு அது உறைத்தது.

"இது ஏமாத்து! காய உள்ள வெச்சி அடைச்சிக்கினு வந்துட்டு..." என்று ஒருத்தி எழுந்தாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏன், நீயும் பானையில காய வளத்துக்கினு வர்றதுதானே? யாரு வோணான்னது? வருசம் பூரா நீ கேலி பண்ணிக்கினு இருந்த, என் மருமவ காய காப்பாத்திக்கினு இருந்தா."

அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மனுக்கு முதல் கரண்டி அண்ணி பானையிலிருந்துதான் போனது. இரண்டாவதை அண்ணி தேக்கிலையில் வைத்து அம்மாவிடம் நீட்டினாள். காய் குழைந்து, சாமையோடு மஞ்சளாகக் கலந்திருந்தது. இடையிடையே பரங்கி விதை பல்லில் மாட்டியது. அம்மா விதையைத் துப்பிவிட்டு, "வெல்லம் கொஞ்சம் கம்மி" என்றாள். இலையை வழித்துத் தின்றாள். இன்னொரு கரண்டிக்கு இலையை நீட்டினாள்.

இப்போது நான் வாணியம்பாடியில் தோல் மண்டியில் வேலை செய்கிறேன். முதலாளி பாய் வீட்டு விசேஷங்களில் நல்ல நல்ல இனிப்பெல்லாம் தின்றிருக்கிறேன். புகை வாசனையும் புது மண்பானை வாசனையும் சேர்ந்த அந்தச் சாமைப் பொங்கல் மாதிரி ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்துதான் தேடுகிறேன் என்று நினைக்கிறேன்.

புதுசுக்கு மறுநாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் விழித்திருப்பது எனக்குத் தெரிந்தது. அண்ணி கொஞ்ச நேரம் அம்மா முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் அடுப்புச் சாம்பலை வாரினாள், சுள்ளியை ஒடித்து வைத்தாள், பற்ற வைத்தாள்.

"அண்ணி, இன்னிக்கு இன்னா சமையலு?" என்றேன்.

"நான் ஆக்கறதுதான்" என்றாள் அண்ணி.

கம்பளிக்குள்ளிருந்து அம்மா, "எனக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா போடு" என்றாள்.